சதுரங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை

நான் வேலை செய்யும் இடத்தில் கணினிகளுக்குப் புதுப் பதிப்புப் போடும் நாள் செத்தவீடு மாதிரி இருக்கும். கீழே ஒரு பக்கமாகக் கிடந்தவை நடுவுக்கு வந்திருக்கும், கூராக இருந்த மூலைகள் வட்டமாகியிருக்கும். "அது எங்க போயிட்டுது, இது எங்க போயிட்டுது" என்று ஆளாளுக்குத் தலையில் கை வைப்பார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. வெள்ளையடித்துத் திறந்த கோயிலுக்குள் போனவள்போல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தப் பழக்கத்துக்குக் காரணம் மாமாவும் பெரியம்மாவும். அதிலும் பெரியம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் பெருவிரலை நீட்டுவார்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. கண்டாவளையில் எங்கள் வீட்டுக்கு ஓடு வந்துவிட்டது, சமைக்கும் குசினிக்கு இன்னும் தகரம்தான். அம்மாவின் தம்பியான மாமா, முரசுமோட்டையில் றோட்டோரமாக ஒரு கடை போட்டிருந்தார். அங்கே போட்டோக்கொப்பி எடுக்கலாம், போனுக்குக் காசு போடலாம், படிவம் நிரப்பலாம், சைக்கிளுக்குக் காற்றும் அடிக்கலாம். எல்லாவற்றுக்கும் நடுவில், பூப்போட்ட துணியால் போர்த்தபடி ஒரு கொம்பியூட்டர் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதற்குக் கிட்டப் போகலாம் என்பது மாமாவின் சட்டம். இணைய இணைப்புக்கான டொங்கிளை நீள வயரில் கோத்து யன்னல் கம்பியில் கட்டியிருப்பார். மழை வந்தால் காயப்போட்ட உடுப்புக்கு முதல் அதைத்தான் ஓடிப்போய் எடுப்பார்கள்.

மாமா கொம்பியூட்டர் படித்தது மூன்று மாதம். ஊருக்கு அது தாராளம். பின்னேரங்களில் வகுப்பும் எடுத்தார். முதற்பாடம் எப்போதும் ஒன்றுதான்: "எல்லாத்துக்கும் வாசல் இந்த மூலையில இருக்கிற பொத்தான். இதை மறந்தியளெண்டால் உங்களுக்குக் கொம்பியூட்டரும் இல்லை, ஒண்டும் இல்லை." கணினியைத் திறந்தால் முதலில் தெரிவது அவருடைய லாண்ட்மாஸ்டரின் படம். அந்த உழவு இயந்திரத்தை வாங்கிய அன்று, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சில்லுக்கடியில் வைத்து எடுத்த படம். மாமியைப் பெண் பார்க்கப் போனபோதுகூட மாமா அந்தப் படத்தில் சிரித்த அளவுக்குச் சிரிக்கவில்லையாம். அது அம்மாவின் கதை.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர் பெரியம்மா. அவருடைய ஒரே மகள் சுவிசில் இருந்தாள். நான் அவளைச் சுவிஸ் அக்கா என்பேன். ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்குப் பெரியம்மா மாமாவின் கடைக்கு வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்துக் கதைப்பார். ஒவ்வொரு முறையும் தம்பியைக் கெஞ்ச விருப்பமில்லாமல் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒட்டுப்பொட்டு மட்டையிலிருந்து இரண்டு பொட்டை உரித்துத் திரையின் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். மூலைப் பொத்தானுக்குச் சிவப்பு. வீடியோவில் கதைக்கும் நீலக் குறிக்கு மேலே, கொஞ்சம் தள்ளி, ஒரு கறுப்பு. அம்புக்குறியைப் பொட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய் இரண்டு தட்டுத் தட்டினால் மகள் வருவாள். மாமா முதலில் கத்தினார். பிறகு வகுப்புக்கு வந்தவர்களும் பொட்டைப் பார்த்துத் தட்டத் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டார்.

அந்த வருசம் சுவிஸ் அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. எங்கள் வீட்டில் பிறந்து முப்பத்தொரு நாள் கழியும்வரை பிள்ளையைப் படம் எடுக்கமாட்டார்கள், யாருக்கும் காட்டவும் மாட்டார்கள். சுவிசுக்குப் போனாலும் அந்தக் கட்டுப்பாடு கூடவே போய்விட்டது. நாலு ஞாயிறும் அக்கா தன் முகத்தை மட்டும் காட்டினாள். பின்னால் பிள்ளை அழும் சத்தம் கேட்கும். பெரியம்மா திரையின் ஓரத்தால் எட்டிப் பார்ப்பார், யன்னலுக்கு அங்கால் இருப்பதைப் பார்க்கிறமாதிரி. "கொஞ்சம் அரக்கி இரு பிள்ளை, பின்னால ஆர் எண்டு பாப்பம்" என்பார் கள்ளமாக. அக்கா அசையமாட்டாள்.

முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்கு முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது தாயின் தாய். சாத்திரம் பார்த்து இரண்டு பெயர் எடுத்து வைத்திருந்தார்கள். முகத்தைப் பார்த்து அதில் ஒன்றைப் பெரியம்மா சொல்லவேண்டும். எங்கள் நேரம் நாலு மணிக்குத் தொடங்கி, நாலரைக்கு இராகு காலம் பிறப்பதற்குள் சொல்லி முடிக்கவேண்டும்.

இதற்கு முதல் வியாழன்தான் யாரோ செருகிய பென் டிரைவிலிருந்து மாமாவின் கொம்பியூட்டருக்கு வைரஸ் வந்தது. மாமா அதைச் சாக்கில் சுற்றி, லாண்ட்மாஸ்டரின் இழுவைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, கிளிநொச்சிக்குக் கொண்டுபோனார். சனி பின்னேரம் பெருமையோடு திரும்பினார். "புது சிஸ்டம் போட்டிருக்கு. வெளிநாட்டிலயே இப்பதான் வந்ததாம். என்ர சாமான் எல்லாம் உள்ளுக்கை அப்பிடியே கிடக்காம்." அதைத் திறந்து பார்த்தாரா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

ஞாயிறு மூன்றரைக்கே கடை நிரம்பிவிட்டது. பெரியம்மா தட்டத்தில் பூவும் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்திருந்தார். கட்டியிருந்தது கோயிலுக்குக் கட்டும் சேலை. அக்கம்பக்கத்துச் சனம் படியிலும் சாக்குமூட்டையிலும் இருந்தது. மாமா துணியை விலக்கி சுவிச்சைப் போட்டார்.

லாண்ட்மாஸ்டர் வரவில்லை. திரை முழுக்க நிறநிறமாகச் சதுரங்கள். பச்சை, ஊதா, செம்மஞ்சள், கடல்நீலம். சில சதுரங்கள் தாமாகவே புரண்டு மற்றப் பக்கத்தைக் காட்டின. அவ்வளவு நிறத்தை ஒரே இடத்தில் நான் பார்த்தது கோயில் கொடியேற்றத்துக்கு வரும் வளையல் கடையில் மட்டும்தான், ஆனால் வளையல் கடை அசையாது.

"ஐயோ, என்ன வடிவு!" என்றார் பெரியம்மா. "வரம்பு கட்டின வயல் மாதிரியெல்லே கிடக்கு. ஒவ்வொரு பாத்திக்கும் ஒவ்வொரு விளைச்சல்."

மாமாவின் முகத்தில் எந்த விளைச்சலும் இல்லை. அம்புக்குறியைச் சிவப்புப் பொட்டடிக்குக் கொண்டுபோனார். அங்கே பொத்தான் இல்லை. மற்ற மூலைக்குப் போனார். அங்கும் இல்லை. நாலு மூலையும் திரிந்தார். வலப்பக்க மூலையில் கறுப்பாக ஒரு பட்டி எட்டிப் பார்த்துவிட்டு உடனே ஒளிந்துகொண்டது. "ஆ!" என்று சனம் பின்னால் சரிந்தது.

"அது வெக்கப்படுகுது தம்பி. நீ சத்தம் போடாதை" என்றார் பெரியம்மா.

"அக்கா, கொஞ்சம் சும்மா இருங்கோ."

எனக்குப் பொட்டின்மேல் பெரிய நம்பிக்கை. மாமா வியர்வை துடைத்த நேரம் பார்த்துக் கொம்பியூட்டரின் எலியை எடுத்து, கறுப்புப் பொட்டுக்குக் கிட்ட இரண்டு தட்டுத் தட்டினேன். திரை முழுவதும் ஒரு பனிமலை எழுந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுத்தும் இலக்கமும். "சுவிஸ் வந்திட்டுது!" என்று கத்தினேன். சனம் கை தட்டியது. பெரியம்மா மலைக்குள்ளே மகளைத் தேடினார். அது வானிலை சொல்லும் சதுரம் என்று மாமா வாசித்துச் சொன்னபோது, எல்லோருடைய கையும் பாதி தட்டலில் நின்றது. அந்த மலையிலிருந்து வெளியே வரவே மாமாவுக்கு ஐந்து நிமிடம் எடுத்தது.

மாமாவின் கைபேசி அடித்தது. சுவிஸ் அக்கா. எல்லோருக்கும் கேட்கும்படி அதை மேசையில் வைத்தார்.

"மாமா, ஏன் இன்னும் காணேல்லை? ஐயர் அவசரப்படுறார், அவருக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்காம். அம்மாவைப் போனிலயே பேரைச் சொல்லச் சொல்லுங்கோ."

"நான் மாட்டன்" என்றார் பெரியம்மா. குரல் உயரவில்லை, ஆனால் தட்டத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "முகம் தெரியாத பிள்ளையை என்னெண்டு கூப்பிடுறது? ரெண்டு பேரில எது அவளுக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஐயருக்குத் தேத்தண்ணி குடுத்து இருத்து. நாங்கள் இந்தா வாறம்."

நாலே கால். மாமா இனி ஒழுங்காகச் செய்வது என்று முடிவெடுத்து, சதுரங்களில் எழுதியிருந்த ஆங்கிலத்தை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டத் தொடங்கினார். "இது கடிதம்… இது கலண்டர்… இது கடை… இது என்ன கோதாரியோ…" படம் போட்ட சதுரங்களை அவர் தொடவே இல்லை. படம் என்றால் விளம்பரம், அமத்தினால் டொங்கிளில் உள்ள காசு போய்விடும் என்பது அவருடைய இரண்டாம் பாடம்.

பெரியம்மாவுக்கு எழுத்து ஒரு பொருட்டே இல்லை. அவர் படங்களை மட்டும் ஆசையோடு பார்த்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, உது ஆரின்ர லாண்ட்மாஸ்டர்?"

"எந்த லாண்ட்மாஸ்டர் அக்கா? எனக்கு விசரைக் கிளப்பாதேங்கோ."

"உந்தா, கீழ்ப் பாத்தியில நிக்குது. மாலை போட்டு நிக்குது. உன்ரதான். சில்லுக்கடியில தேசிக்காய் கிடக்கு."

எல்லோரும் குனிந்தோம். கீழே ஓரமாக ஒரு சதுரத்துக்குள், தீப்பெட்டிப் படம் அளவில், மாமாவின் லாண்ட்மாஸ்டர் நின்றது. பக்கத்தில் மாமா சிரித்துக்கொண்டு நின்றார்.

"அது சும்மா படம்."

"சும்மாப் படம் எண்டால் உன்ர படத்தைச் சுவிஸ்காரனோ அனுப்பினவன்? அதுக்குள்ள போடா."

மாமா கண்ணை மூடிக்கொண்டு அமத்தினார். சதுரங்கள் எல்லாம் விலகிப்போக, பழைய திரை அப்படியே வந்து நின்றது. அதே லாண்ட்மாஸ்டர், அதே குறிகள். கறுப்புப் பொட்டுக்கு நேர் கீழே நீலக் குறி. மூலைப் பொத்தானை மட்டும் காணவில்லை, அதை அப்போது யாரும் தேடவுமில்லை. புது வீட்டின் ஓர் அறைக் கதவைத் திறந்தால் உள்ளே எங்கள் பழைய வீடு, கிணறு வேலியோடு, முழுதாக நிற்கிறமாதிரி இருந்தது. இவ்வளவு பெரியதை அவ்வளவு சின்னச் சதுரத்துக்குள் மடித்து வைத்தது யார் என்று எனக்குப் புல்லரித்தது.

பெரியம்மா மாமாவின் கையைத் தட்டிவிட்டு, தானே இரண்டு தட்டுத் தட்டினார்.

நாலு இருபத்தைந்துக்கு அந்த முகம் வந்தது. முதலில் நெற்றி, பிறகு மூடிய கண், பிறகு ஒரு பெரிய கொட்டாவி. யன்னலில் தொங்கிய டொங்கிளின் கருணையால் கொட்டாவி பாதியில் உறைந்து நின்றது. பெரியம்மா விரலை நீட்டி, கண்ணாடியில் பிள்ளையின் நெற்றியை மெல்லத் தடவினார். "அவரின்ர நெத்தி" என்றார். அவ்வளவுதான். பிறகு தொண்டையைச் செருமி, இரண்டு பெயரில் ஒன்றை மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கொட்டாவி அசைந்து முடிந்தது. அங்கே ஐயர் மணி அடித்தார், இங்கே சனம் சிரித்தது. மாமா சைக்கிள் பம்பைத் துடைக்கப்போகிறவர்போல வெளியே போய் நின்றார்.

எனக்கு மட்டும் சின்ன மனத்தாங்கல். எல்லோரும் பிள்ளையைப் பார்க்கிறார்களே தவிர, சதுரங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வாய்க்கால் கட்டால் நடந்தோம், நானும் பெரியம்மாவும். நான் சதுரங்களைப் பற்றியே அளந்துகொண்டு வந்தேன். பக்கத்துக்குத் தள்ளினால் இன்னும் வருகிறது, எண்ணவே முடியாது என்றேன். பெரியம்மா எல்லாவற்றுக்கும் "ஓமோ, ஓமோ" என்று ஆச்சரியப்பட்டார். மதகுக்குக் கிட்ட வந்ததும் கேட்டார்:

"பிள்ளை, அவ்வளவு பாத்திக்குள்ள, காணாமல் போன ஆக்களைத் தேடிப் பாக்கிற பாத்தி ஒண்டும் இல்லையோ?"

பெரியப்பாவை எனக்குப் படத்தில்தான் தெரியும். யுத்தத்தின் கடைசிச் சண்டை நேரம் காணாமல் போனவர். ஆனால் சதுரங்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் நம்பினேன்.

"இருக்கும் பெரியம்மா. மாமாவுக்கு இன்னும் தெரியாது. நான் தேடித் தாறன்."

அடுத்த ஞாயிறே தேடத் தொடங்கினேன். மாமா வெளியே காற்றடிக்கும் நேரமெல்லாம், இடமிருந்து வலமாக, ஒன்றும் விடாமல் ஒவ்வொரு சதுரமாகத் திறந்தேன். விளையாட்டு வந்தது, பாட்டு வந்தது, யாரோ வெள்ளைக்காரர் சமைத்த சாப்பாடு வந்தது. பெரியம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, ஒவ்வொன்றும் திறக்கும்போது முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "இதுவும் வடிவாத்தான் கிடக்கு" என்பார்.

"இன்னும் ஒம்பதுதான் மிச்சம் பெரியம்மா. இண்டைக்கே முடிச்சிடுவன்" என்றேன்.

அவர் எலியிலிருந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கிடக்கட்டும் பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கு ஒண்டு பாத்தால் போதும்."

இவ்வளவு அற்புதமான ஒரு பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு மனிசிக்கு எப்படி அவசரம் வராமல் இருக்கும் என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.