வெர்லின் ஸ்டாம்பர் தேர்ந்து கொடுத்த தோட்டாக்கள்

எங்கள் ஊர் இரும்புச் சாமான் கடையில் பெயிண்ட் டப்பாக்களைத் தாண்டிப் போனால் துப்பாக்கி விற்கும் மேசை. சுரங்கத் தூசி நெஞ்சைக் கெடுத்த பிறகு, வெர்லின் ஸ்டாம்பர் பத்தொன்பது வருடமாக அங்கேதான் நிற்கிறார். மெலிந்த ஆள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடும்போது மட்டும் அந்த உடம்புக்குள் இவ்வளவு கனத்த குரல் எங்கே இருந்தது என்று தோன்றும். வேட்டைத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. கைப்பையில் போடுகிற குட்டித் துப்பாக்கி வாங்குகிறவர்கள்தான் கேட்பார்கள்: "இதுக்கு எந்தத் தோட்டா போடறது, வெர்லின்?"

அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. "டாக்டர் சீட்டு எழுதிட்டாரா?" என்று பக்கத்தில் நிற்பவர்கள் கேலி செய்வார்கள்.

அவர் கணக்கு இதுதான். தோட்டாப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வேகம் நீளக் குழலில் அளந்தது. இரண்டங்குலக் குழலில் அந்த வேகம் வராது. உடம்பில் பட்டதும் விரியட்டும் என்று மூக்கில் குழி வைத்த குண்டு மெதுவாகப் போய்க் கனத்த கம்பளிக் கோட்டில் பட்டால், குழிக்குள் துணி அடைத்துக்கொள்ளும்; குண்டு விரியாது. எங்கள் துப்பாக்கிச் சங்கத்தின் சுடும் திடலில் இந்த வேகங்களை அளக்கிறவன் நான். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆகவே குழல் குட்டையானால் தோட்டா வீரியம் கூடியதாக இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

நெல்டா ப்ரூயிட் வீடு வீடாகப் போகும் நர்ஸ். மலை இடுக்குகளில் இருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்குப் புண் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது அவர் வேலை. அங்கே கட்டாத நாய்கள் அதிகம். போன வசந்தத்தில் ஐந்து தோட்டா கொள்ளும் ரிவால்வர் ஒன்றை வெர்லினிடம் வாங்கினார். கையில் வைத்தால் இருப்பதே தெரியாது, அவ்வளவு லேசு.

"சுட்டா கை வலிக்குமா?" என்று கேட்டார் நெல்டா.

"வலிக்கும். அதுக்குத்தான் பழகறதுக்கு இந்த மலிவுத் தோட்டா. இது சாது. பையில போட்டு வச்சுக்கறது இந்த இன்னொண்ணு. விலை ஜாஸ்தி, இதைச் சுட்டு வீணாக்காத. தேவைப்படற அன்னிக்கு உனக்கு வலியே தெரியாது."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது அதுதான். சாதுத் தோட்டாவில் பழகுவோம், வீரியத் தோட்டாவைச் சுமப்போம்.

அக்டோபரில் ஒரு நோயாளி வீட்டு முற்றத்தில் ஒரு நாய் நெல்டாமீது பாய்ந்தது. முதல் குண்டு மண்ணில். இரண்டாவதும் மண்ணில். மூன்றாவது வெடிக்கவில்லை. நோயாளியின் மருமகன் மண்வெட்டியோடு ஓடி வருவதற்குள் நாய் அவர் வலது முன்கையைக் கிழித்துவிட்டது. இன்றும் இரண்டு விரல்கள் முழுதாக மடங்குவதில்லை.

"துப்பாக்கி நல்லாத்தான் இருந்தது. நான்தான் விறைச்சுப் போயிட்டேன், விரல் அழுத்தல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நெல்டா சொன்னார். தேவாலய வாசலில் வெர்லின்கூட, "யாருக்கும் வர்றதுதாம்மா" என்று தேற்றினார்.

ஜனவரியில் நெல்டா கடைக்கு வந்து, தலையணை உறையில் சுற்றிய ரிவால்வரை மேசைமேல் வைத்தார். அன்றைக்குச் சுற்றியது, பிறகு யாரும் பிரிக்கவில்லை.

"இதை வித்துக் குடுத்துடு. மாசக் கடைசியோட வேலையையும் விடறேன். ஆபத்துல கை விறைச்சுப்போற நர்ஸை நம்பி யார் உடம்பை ஒப்படைப்பா?"

வெர்லின் உறையைப் பிரித்தார். மிச்சமிருந்த மூன்று தோட்டாக்களில் ஒன்றின் குண்டு, தன் பித்தளைக் கூட்டிலிருந்து முன்னால் நழுவி, தோட்டா உருளையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டிய குண்டு துப்பாக்கிச் சட்டத்தில் இடித்தால் உருளை சுழலாது. உருளை சுழலாவிட்டால் விசை அசையாது.

"என்ன, துருப்பிடிச்சிருக்கா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்றார் வெர்லின்.

அன்று மாலை அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி ஐலீன் பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்தாள். அவர் தொடவில்லை.

"எல்டன், அளந்து பாரு."

அளந்தேன். மற்ற இரண்டு குண்டுகளும் கொஞ்சம் நகர்ந்திருந்தன. துப்பாக்கி லேசு, வெடிமருந்து பலம். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது; காத்திருக்கும் தோட்டாக்களின் கூடுகளும் அதோடு பின்னால் போகின்றன. உள்ளே இருக்கும் கனத்த குண்டு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. தலையணை உறையைச் சட்டென்று உருவினால் தலையணை நிற்கிற மாதிரி; ஒவ்வொரு உதைக்கும் குண்டு கூட்டிலிருந்து கொஞ்சம் வெளியே வருகிறது.

"போற குண்டு எப்படிப் போகும்னு மட்டும்தான் பாத்தேன். உள்ள இருக்கறதுக்கு என்ன ஆகும்னு பாக்கவே இல்ல" என்றார் வெர்லின்.

"அவகிட்ட சொன்னியா?"

"நல்லாருக்குன்னு சொன்னேன்."

ஐலீன் அடுப்படியிலிருந்து திரும்பினாள். "அவ வேலையை விடப்போறா. நீ இங்க வந்து என் பீன்ஸை ஆற வச்சுக்கிட்டு உக்காந்திருக்க."

"சொன்னா என் மூஞ்சியில முழிப்பாளா, ஐலீன்?"

"முழிக்கலன்னா என்ன? தன் மூஞ்சியவே கண்ணாடியில பாக்க முடியாம இருக்கா அவ."

சனிக்கிழமை நெல்டாவைத் திடலுக்கு வரச் சொன்னோம். வெர்லின் அதே ரிவால்வரில் அதே வகைத் தோட்டா ஐந்தைப் போட்டு மண்மேட்டைப் பார்த்துச் சுட்டார். ஐந்தும் வெடித்தன.

"இதைக் காட்டவா இந்தக் குளிர்ல கூப்பிட்ட?" என்றார் நெல்டா.

வெர்லின் காலிக் கூடுகளைத் தட்டிக் கொட்டினார். மறுபடியும் ஐந்து போட்டார். மூன்று வெடித்தன. நான்காவதில் விசை நின்றுவிட்டது. குழலை மண்மேட்டைவிட்டு அசைக்காமல், "நீ அழுத்திப் பாரு" என்றார். நெல்டா இடது கையால் அழுத்தினார். பிறகு இரண்டு கையாலும் அழுத்தினார். அசையவில்லை.

"அப்ப... அன்னிக்கு..."

"அன்னிக்கு நீ அழுத்தின. உன் விரல் மேல தப்பில்ல. இந்தத் துப்பாக்கிக்கு இந்தத் தோட்டா ஆகாது. ஒரு பெட்டி முழுக்கச் சுட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். வீணாக்காதன்னு சொன்னது நான்தான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ மேசைமேல வச்ச அன்னிக்கே."

"நல்லாருக்குன்னு சொன்னியே!"

"சொன்னேன்."

"மூணு மாசமா, வெர்லின்! தினம் படுக்கறப்ப இந்த விரலைப் பாத்து நாயே, நாயேன்னு திட்டிக்கிட்டிருந்தேன்."

வெர்லின் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தொப்பியைப் போடு. உன் நெஞ்சுக்கு இந்தக் காத்து ஆகாது" என்றார் நெல்டா, கோபம் தணியாமலே.

"என்னை மன்னிச்சுடு, நெல்டா."

நெல்டா விறுவிறுவென்று நடந்தார். காருக்குப் பாதி தூரம் போய்த் திரும்பினார். "திங்கக்கிழமை ஆபீஸ்ல சொல்லிடறேன், வேலையை விடலன்னு. ஆமா, வேற யாருக்கெல்லாம் இதையே குடுத்த?"

வெர்லின் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். துப்பாக்கி விற்றால் பதிவு உண்டு. எந்தத் தோட்டாவைக் கொடுத்தோம் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. துப்பாக்கியை வேறெங்கோ வாங்கிவிட்டுத் தோட்டாவுக்கு மட்டும் இவரிடம் வந்தவர்களும் உண்டு.

"பர்ல் காம்ஸ்... அப்புறம் பள்ளிக்கூட பஸ் ஓட்டற அந்தப் பொண்ணு..."

"நின்னுக்கிட்டு எண்ணாத. போ."

வெர்லின் அப்படியே வண்டியை எடுத்தார். பல வாரம் வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளைத் திருப்பி வாங்கி, தட்டை மூக்குச் சாதுத் தோட்டாக்களைக் கொடுத்தார். அவை விரியாது, ஆனால் குட்டைக் குழலிலும் நேரே ஆழமாகப் போகும், கையும் தாங்கும். கொடுத்ததைத் தன் கண்முன்னே சுட்டுப் பார்க்கவும் வைத்தார். "என்ன டாக்டர், குடுத்த மருந்தைத் திரும்ப வாங்கிக்கறீங்க?" என்று பஸ்காரப் பெண் சிரித்தாளாம். அவர் சிரிக்கவில்லை.

நெல்டா மலைக்குப் போய்வருகிறார். தேவாலயத்தில் வெர்லினைக் கண்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். வெர்லினுக்கு நினைவிருந்தவர்களில் அகப்படாமல் போனது ஒரே ஒரு ஆள். வெளியூர்ப் பெண், பச்சை மழைக்கோட்டு, தனியாக இருக்கும் தன் அம்மாவுக்கு என்று சொல்லி வாங்கியவள். பெயர் கேட்கவில்லை. கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் வெர்லின் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்கிறார்.