மெல்லிசா, பட்டையா

இறப்புப் பதிவு அலுவலகத்தில் அவரை எல்லோரும் அச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். கையெழுத்து அப்படி. இருபத்தாறு வருஷமாக ஊரில் யார் போனாலும் அவர் பேனா வழியாகத்தான் போனார்கள். வீட்டில் மனைவி இதை வைத்தே அவரை வாருவாள். "ஏங்க, என்னையும் ஒருநாள் எழுதுவீங்கல்ல? அடிச்சுத் திருத்தினீங்க, சும்மா விடமாட்டேன்."

அவள் போய்ப் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. இருபத்தொன்றுக்குள் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். கூட்டமில்லாத சாப்பாட்டு நேரமாகப் பார்த்து மூன்று முறை தனியாக உட்கார்ந்தார். பேனா தாளைத் தொடுவதற்குள் கை உதறியது. மூன்றாவது முறை பேனா கீழே விழுந்து நிப்பு வளைந்தே போனது.

"குடுங்கண்ணே, நான் எழுதிடறேன்" என்றார் பக்கத்து மேஜைக்காரர். நல்ல மனுஷன்தான்.

"வேணாம்ப்பா. அவள நான்தான் எழுதணும்."

அன்றைக்கே பேனாக் கடைக்குப் போனார். கடைக்காரம்மா இரண்டை எடுத்து வைத்தாள். ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, மூடிகூட ஒன்றுதான். ஒன்று மெல்லிசு நிப்பு, இன்னொன்று பட்டை.

"மெல்லிசு கட்டத்துக்குள்ள அடங்கும் சார். பட்டை கொஞ்சம் பரவும். ஆனா கை அப்படி இப்படி ஆனாலும் காட்டிக் குடுக்காது. உங்க பேர எழுதிப் பாருங்க."

பேனா வாங்க வருகிற எவரும் தன் பெயரைத்தான் எழுதிப் பார்ப்பார். அச்சுவுக்குக் கை அப்படிப் பழகவில்லை. மெல்லிசால் ஒரு பெயரை எழுதினார். பக்கத்தில் பெண், ஐம்பத்தொன்று, இறந்த தேதி. எழுத்தெல்லாம் புழு நெளிந்த மாதிரி இருந்தது.

கடைக்காரம்மா தலைகீழாகவே அதைப் படித்துவிட்டாள். "யாரு சார்?"

"வீட்ல."

அவள் பட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள். அதே வரியை மறுபடி எழுதினார். நடுங்கியது நடுங்கியதுதான், ஆனால் தடித்த எழுத்துக்குள் அமுங்கிப் போனது. இத்தனை வருஷம் மெல்லிசுதான் அவருக்கு. இரண்டையும் மாறி மாறித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவளுடைய வரி கோணலாக நிற்கக் கூடாது. பட்டையையே வாங்கினார்.

மறுநாள் காலையில் மை நிரப்பினார். ஜன்னலுக்கு வெளியே வரிசை வந்துவிட்டிருந்தது. முதலில் இதை முடித்துவிடலாம் என்று பதிவேட்டைத் திறந்தார். வரிசை எண். தேதி. பெயர். பெண். வயது. காரணம். தகவல் தந்தவர், உறவு: கணவர். மையொற்றும் தாளை வைத்து அழுத்தினார்.

"அடுத்த ஆள் வாங்க" என்றார்.

தன் குரல் காதில் விழுந்த பிறகுதான் குனிந்து பார்த்தார். ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை. மேல் வரியில் யாரோ ஒரு கிழவர், முகம்கூட ஞாபகமில்லை. அதே சாய்வு, அதே சுழி. மை மட்டும் கொஞ்சம் பட்டை. வரிசையைக் கண்டதும் பாழாய்ப்போன கை யாரை எழுதுகிறோம் என்பதையே மறந்துவிட்டது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளை அரை நிமிஷத்தில் எழுதித் தள்ளியிருக்கிறது.

அடிக்க முடியாது. திருத்த முடியாது. அவள் கேட்டதும் அதைத்தானே.

ஜன்னலில் ஒருவர் காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அச்சு அதை வாங்கவில்லை. மெல்லிசை வாங்கியிருந்தாலும் நடுங்கியிருக்காது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.