அம்மா பேரில் வந்த ஆர்டர்

எங்கள் பக்கத்தில் யாராவது "ஆர்டர் வந்துச்சா?" என்று கேட்டால், யாரைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்று கவனித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். படித்துவிட்டு வீட்டோடு இருப்பவனிடம் கேட்டால் அது வேலை ஆர்டர். வரப்புத் தகராறில் திருக்கோவிலூர் கோர்ட்டுக்கு நடப்பவரிடம் கேட்டால் ஸ்டே ஆர்டர். டீக்கடையில் அதுவே ரெண்டு டீ, ஒரு போண்டா. கரும்புக்காரரிடம் கேட்டால் வெட்டு ஆர்டர். இந்தத் தேதிக்குள் வெட்டிக்கொண்டு வா என்று ஆலை கொடுப்பது அது. தேதி தாண்டினால் கரும்பு காய்ந்து விறகுதான். அகராதியில் இன்னும் எத்தனையோ அர்த்தம் போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் ரொம்ப நாள் அதற்கு ஒரே அர்த்தம், அப்பா பேரில் வரும் வெட்டு ஆர்டர்.

அப்பா போன பிறகு அம்மா ஆலையில் கரும்பைத் தன் பேரில் பதிந்தாள். அப்பாவின் அண்ணனுக்கு, அதாவது பெரியப்பாவுக்கு, அது பொறுக்கவில்லை. "பொம்பள நீ ஆர்டர வாங்கி இன்னா பண்ணப்போற? வண்டி கட்டணும், ஆலையில போய் நிக்கணும். இந்த வருசம் பாரு. முடியலைனா நெலத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

"பாக்கலாங்க" என்றாள் அம்மா. அந்த ஒரு வார்த்தையில் இருந்த ரோஷம் எனக்குத் தெரியும். நிலம் அவர் கைக்குப் போனால் திரும்பி வராது என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆர்டர் வந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்த ஆட்கள் வெட்டி முடித்து வண்டிகளில் பாரம் ஏற்றினார்கள். ஆற்றுப் பாலத்துக்குப் போனால் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் என் தாய்மாமா, அம்மாவின் தம்பி. டிகிரி முடித்துவிட்டு வேலை ஆர்டருக்காகக் காத்துக் காத்துக் கண் பூத்துப்போனவர்.

"அக்கா, உன் வண்டிய வுட்டா எல்லா வண்டியயும் வுடணும். கோச்சிக்காத" என்றார்.

அம்மா கெஞ்சவில்லை. "நீ உன் ஆர்டருக்கு நில்லுடா. நான் என் ஆர்டருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு மாடுகளைத் திருப்பச் சொன்னாள்.

ஆலை அக்கரையில். பெண்ணையாற்றில் தண்ணீர் ஓர் ஓரமாகத்தான் ஓடியது, மீதியெல்லாம் மணல். பாரவண்டி இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். அம்மா கரும்புக் கொல்லைக்குப் போய், வெட்டிய கரும்பின் காய்ந்த இலையான சோகையைக் கட்டுக்கட்டாகத் தூக்கி வரச் செய்து மணல்மேல் பரப்பினாள். வண்டி தாண்டியதும் பின்னால் கிடந்ததை வாரி முன்னால் போட்டோம். சோகை என் கையெல்லாம் கீறிவிட்டது. அம்மாவோ நின்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தண்ணீர் ஓரத்தில் முன்வண்டி சிக்கிக்கொண்டது. மாடு முட்டிபோட்டுவிட்டது. அப்போது கரையிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கி வந்தார்கள். முன்னால் தாய்மாமா.

"மறியல் இன்னாடா ஆச்சி?" என்று கேட்டாள் அம்மா.

"அது நடந்துக்கினுதான் இருக்குது. ரோட்டத்தான மறிச்சோம், ஆத்தயா மறிச்சோம்?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார்.

அக்காவுக்காகத் தம்பி மரத்தை நகர்த்தவில்லை. நகர்த்தச் சொல்லி அக்காவும் கேட்கவில்லை. இப்படிப்பட்டவர்கள் வீட்டில் பிறந்தேன் என்று எனக்கு இன்றைக்கும் கர்வம்தான், மறைப்பானேன்.

ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெயில் இருந்தது. வாசலில் பதிவு போட உட்கார்ந்திருந்தவர், தலையெல்லாம் சோகைத் தூளாக நின்ற எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர்டர் யார் பேர்ல இருக்குதும்மா? அவர வரச் சொல்லு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

"வந்தாச்சி. எழுதுங்க."