பழைய கேமராவின் மூடி

என் கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, அந்தக் கேமராவை விற்றுவிடச் சொன்னான் அண்ணன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எதையும் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு முடிவெடுக்க வரும். ஒரு தாளை நெடுக்காக மடித்து இடது பக்கத்தில் குறைகளை எழுதினேன்.

திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வெயிலில் ஒன்றும் தெரியாது. பேட்டரி இரண்டில் ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று அரை நாள் தாங்கும். பெரிய மெமரி கார்டு போட்டால் ஏற்காது. தானாக ஃபோகஸ் செய்யாது. வீடியோ கிடையாது. வெளிச்சம் குறைந்தால் படம் முழுக்கப் புள்ளி. மேகமலை ரோட்டில் ஒருமுறை பையில் குலுங்கினால் ஃபோகஸ் நாலு விரற்கடை தள்ளிப்போய்விடும். கறுப்புக் குடை கத்தரிப்பூ நிறத்தில் விழும். இதை யாரும் நம்புவதில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் இந்தப் பழைய சென்சாருக்குள் போய்விடுகிறது. கறுப்பு நைலான் துணி அதை அள்ளி வீசுகிறது. அவ்வளவுதான் காரணம்.

"இதுல படம் எடுக்குறதுக்குள்ள எதுக்க நிக்கிறவன் கெழவனாயிருவான். அதையும் எழுது" என்றான் அண்ணன்.

எழுதினேன். தாளின் வலது பக்கத்துக்கு ஒரே ஒரு வரிதான் தோன்றியது: "அம்மா இதைப் பார்த்து ஓடுவதில்லை." எழுதியதும், இது கேமராவின் குணமா அம்மாவின் குணமா என்று சந்தேகம் வந்து அடித்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் பல் விளக்கும்போது, அம்மாவின் வாயிலிருந்து தண்ணீர் தானாக இடது பக்கம் வழிந்தது. முகவாதம். தேனிக்கு அழைத்துப் போனோம். மாத்திரை, முகத்துக்குப் பயிற்சி, பலூன் ஊதுவது என்று ஆறேழு மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் அம்மா சிரித்தால் வாயின் இடது ஓரம் தாமதமாகத்தான் எழும்பும், அதோடு இடது கண்ணும் மூடிக்கொள்ளும். நரம்பு திரும்ப வளரும்போது வாய்க்குப் போகவேண்டியதில் ஓர் இழை கண்ணுக்கும் போய்விட்டது என்று டாக்டர் விளக்கினார்.

"வயர மாத்திக் குடுத்துட்டாக" என்று அம்மா வீட்டுக்கு வந்து சொன்னாள்.

அதைச் சொல்லிச் சிரித்தவள், வெளியே சிரிப்பதை நிறுத்திவிட்டாள். யாராவது கைப்பேசியைத் தூக்கினால், அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விடுவாள். என் நிச்சயதார்த்த ஆல்பத்தில் முந்நூறு படங்கள் இருக்கின்றன. அம்மா ஒன்றில் மட்டும் இருக்கிறாள்: வெற்றிலைத் தட்டை நீட்டும் ஒரு கை, இரண்டு தங்க வளையல், பச்சைப் பட்டின் கரை.

கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மா முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தாள். "தாரை வாக்கயில சித்தியும் சித்தப்பாவும் நிக்கட்டும்ப்பா. நான் பந்தியப் பாத்துக்கிறேன். சோத்துக்கு ஒரு ஆளு வேணும்ல."

அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அண்ணன்தான், "நீ பெத்த புள்ளைய அவுக எதுக்கு தாரை வாக்கணும்?" என்று கேட்டான். அம்மா அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி எழுந்தாள். அன்றிலிருந்து என் பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் மேலே இந்த ஒரு வேலை எழுதாமலே நின்றது. என் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது அம்மா மேடையில் நிற்க வேண்டும்.

கேமரா என்னிடம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். தராசு, வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. போடியில் ஏலக்காய் உலர்த்தும் அறைகளுக்குப் போவேன். சின்னமனூரிலிருந்து மேலேறி மேகமலைத் தேயிலைத் தொழிற்சாலைக்கும் போவேன். அங்கே வேலை முடிந்து கேரளத்துக்குத் திரும்பிய ஓர் அதிகாரி, ஃபோகஸ் கெட்டுப்போனது என்று அலமாரியில் போட்டிருந்த கேமராவை எனக்குக் கொடுத்தார். அது கெடவில்லை, அளவு தவறியிருந்தது. சின்ன அல்லன் கீயால் ஒரு திருகைக் கால் சுற்று திருப்பி, எதிர்ச் சரிவில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் குறி வைத்துச் சரி செய்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் சம்பள உயர்வு வந்த அன்றுகூட இல்லை.

இந்த வகைக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே ஓரத்தில் தனியாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அதன் நடுவில் எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக அந்த இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றின்மேல் ஒன்று உட்காரும், உட்கார்ந்தால் ஃபோகஸ். ஜன்னல் ஓரத்தில் இருப்பதால் கேமரா என் முகத்தை முழுதாக மறைப்பதில்லை. எதிரில் இருப்பவர்களுக்கு என் இடது கண்ணும் பாதி வாயும் தெரியும். அம்மா முதலில் கவனித்ததும் அதைத்தான்.

"இது பரவால்ல. எடுக்குறவ மொகமும் பாதிதான் தெரியுது" என்றாள்.

பங்குனிக் கடைசியில் எங்கள் ஓடைப்பட்டித் தோட்டத்தில் அறுவடை. விதையில்லாத் திராட்சை, நான்கு நாள் வெட்டு. மூன்றாம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். பந்தலுக்கு வெளியே நின்று ஒளியை அளந்தேன். பந்தலுக்குள் தோராயமாக எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டு, வேகத்தையும் லென்ஸ் திறப்பையும் கையாலேயே வைத்துவிட்டேன். பேட்டரியை மிச்சம் பிடிக்கத் திரையை அணைத்தேன். இலையில் பூஞ்சைக்குத் தூவிய கந்தகத் தூள் இருந்ததால் லென்ஸுக்கு மூடியைப் போட்டேன். பிறகு குனிந்து உள்ளே போனேன்.

அம்மா கைகளை உயர்த்திக் குலைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். காம்பை மட்டும்தான் பிடிப்பாள். விரல் பட்டால் காயின் மேல் இருக்கும் வெள்ளைப் பூச்சு அழிந்துவிடும். பக்கத்து வரிசையில் காய் வெட்ட வரும் அக்கா. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு நீலப் பிளாஸ்டிக் பெட்டி.

"காய எடு. என்னைய எடுக்காத" என்றாள் அம்மா.

"காய்க்குப் பின்னாடி நீ நின்னா நான் என்ன செய்யிறது?"

"ஆத்தா கல்யாணப் பொண்ணு, இங்கன வா" என்று அக்கா கூப்பிட்டார். "உங்கம்மாவ விடு, என்னைய எடு. என் வீட்டுக்காரரு இருவது வருசமா என்னைய நிமுந்தே பாக்கல. படத்துலயாவது பாக்கட்டும்."

"அவுக பாக்கலைன்னா எப்படி உனக்கு மூணு புள்ள?" என்றாள் அம்மா.

அக்கா கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள், ஓடவில்லை. நான் ஜன்னலில் இரண்டாகத் தெரிந்த அவளுடைய மூக்குத்தியை ஒன்றாக்கி அழுத்தினேன். இந்தக் கேமராவின் சத்தம் சின்னது, தாழ்ப்பாள் விழுந்த மாதிரி. முதல் பத்துச் சத்தத்துக்கு அம்மாவின் தோள் விறைத்தது. அதற்குப் பிறகு அவள் சத்தத்தை மறந்துவிட்டாள். தலைக்கு மேல் இலை, இலைக்கு நடுவே காசு காசாக வெயில். அக்கா தன் மாமியாரைப் பற்றிச் சொன்ன ஏதோ ஒன்றுக்கு அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். இடது கண் மூடியது. கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கையில் குலை இருந்தது. அழுத்தினேன். ஜன்னலின் அடியில் ஒளி போதாது என்று ஒரு சிவப்பு அம்பு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. பந்தலுக்குள் இருட்டாகத்தானே இருக்கும் என்று அதைப் பொருட்படுத்தவில்லை.

நாற்பத்தொரு தடவை அழுத்தினேன்.

சாயங்காலம் வீட்டில் கார்டைக் கணினியில் செருகினேன். கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. எல்லாப் படமும் ஒரே கறுப்பு. கேமரா மேஜைமேல்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மூடி அதன்மேல் அப்படியே இருந்தது.

வேறு எந்தக் கேமராவிலும் இந்தத் தப்பு நடக்காது. லென்ஸ் வழியாகப் பார்க்கும் கேமரா என்றால் மூடியோடு கண்ணில் வைத்ததுமே இருட்டு தெரிந்துவிடும். இதில் லென்ஸ் குருடாக இருந்தாலும் ஜன்னல் பளிச்சென்று காட்டும். நான் சோதனைக்குப் போகும் இடங்களில் என் படிவத்தின் முதல் வரியே "உறை நீக்கப்பட்டதா?" என்பதுதான். எத்தனையோ தொழிற்சாலைகளில் அதற்கு நேரே டிக் அடித்திருக்கிறேன்.

அம்மா குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"எங்க, காட்டு."

இரண்டு வருஷத்தில் அவள் தன் படத்தைப் பார்க்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. சரியாக வரவில்லை, பிறகு காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், தன் முகம்தான் சரியாக வரவில்லை என்று அவள் எடுத்துக்கொள்வாள். அதனால் ஒதுங்கி உட்கார்ந்து திரையைக் காட்டினேன்.

"ஒண்ணும் விழலம்மா. மூடியக் கழட்டாம எடுத்திருக்கேன்."

அம்மா குனிந்து கறுப்புத் திரையைப் பார்த்தாள். பிறகு கேமராவை எடுத்துப் பார்த்தாள். மூடியை விரலால் தட்டினாள்.

"அம்புட்டும் இப்படியா?"

"அம்புட்டும்."

"நாப்பது தடவ சொடுக்குனியே. இதப் போட்டுக்கிட்டேவா?"

"ஆமா."

"ஊர்ல இருக்க தராசெல்லாம் நீதான் சரி பாக்குற?"

கூடத்திலிருந்து அண்ணன் எழுந்து வந்துவிட்டான். "ஏத்தா, சான்றிதழ் குடுக்குற கை அது, தொட்டுக் கும்புட்டுக்க" என்று என் கையைப் பிடித்து அம்மாவிடம் நீட்டினான். அம்மா கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். இடது கண் மூடியதை அவள் மறைக்கவில்லை; எங்கள் மூன்று பேரைத் தவிர அங்கே யாரும் இல்லை. கேமரா அவள் மடியில்தான் கிடந்தது. என்னால் எடுக்க முடியவில்லை, எடுக்கத் தோன்றவும் இல்லை.

சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாவம், மொகமே வாடிப்போச்சு" என்று என் கன்னத்தைத் தொட்டாள். பிறகு மூடியைத் திருகி எடுக்கப் பார்த்தாள். அது திருகுவதில்லை, இழுக்க வேண்டும். இழுத்துக் காட்டினேன். அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு ரெண்டு வரிசை பாக்கி இருக்கு, வா."

மறுநாள் எடுத்ததில் பாதி தேறவில்லை. மூன்றில் ஃபோகஸ் குலையின்மேல் இருக்கிறது, அம்மா மங்கல். ஒன்றில் அக்கா வெயிலுக்கு வைத்திருந்த கறுப்புக் குடை கத்தரிப்பூ நிறத்தில் விரிந்திருக்கிறது. கணினியில் அதைப் பார்த்து அம்மா, "இந்தக் கலர்ல எனக்கு ஒரு சீல வேணும்" என்றாள். அடுத்த படத்தில் அவள் பார்வை நின்றது. இலைக்குக் கீழே, கையில் குலையோடு, ஒரு கண்ணை மூடிச் சிரிக்கும் அம்மா.

நெடுநேரம் பார்த்தாள். நான் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"கண்ணு மூடிக்கிருது."

"ஆமா."

"கண்ணடிச்ச மாதிரி இருக்கு." திரைக்குக் குனிந்து, "அசிங்கமா ஒண்ணும் இல்ல" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. அந்தப் படத்திடம் சொன்ன மாதிரி இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "கல்யாணத்துக்கு இந்தக் கேமராவ யாரு புடிப்பா? நீ மணையில உக்காந்திருப்ப." ஸ்டுடியோவிலிருந்து வருகிறவர் விளக்கைத் தூக்கிப் பிடித்து, "சிரிங்கம்மா" என்று சொல்லக்கூடாது, அது ஒன்றுதான் அவள் வைத்த நிபந்தனை. தாரை வார்ப்பதைப் பற்றிச் சித்தியிடம் அவளே போனில் பேசினாள். அப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் அன்று சாயங்காலம் அம்மாவுக்கு உத்தமபாளையத்திலிருந்து அல்வா வாங்கி வந்தார்.

விற்கச் சொன்ன அண்ணன்தான் அதைப் பழக வேண்டியதாயிற்று. ஒன்றரை வாரம் வாசலில் நின்று, எதிர்வீட்டு மின்கம்பத்தை ஒன்றாக்கிக்கொண்டிருந்தான். "ஏ புள்ள, கம்பம் ரெண்டாவே நிக்கிதே" என்று வேலைக்குப் போன என்னைப் போனில் கூப்பிட்டுப் புலம்பினான். அவனுக்காக ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஏழு வரி. "மூடியைக் கழற்று" என்ற முதல் வரியை அவனே அடித்துவிட்டு, "அது அம்மா டிபார்ட்மெண்ட்" என்று எழுதிக்கொண்டான்.

வைகாசியில் கல்யாணம். என் கையின்மேல் அப்பாவின் கை, அதன்மேல் அம்மா செம்பைச் சாய்த்துத் தண்ணீர் வார்த்தாள். தண்ணீர் என் முழங்கைவரை வழிந்தது. மேடைக்குக் கீழே அண்ணன் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றான். அம்மா செம்பை நிமிர்த்தாமலே இன்னொரு கையால் இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

"மூடி இங்கன இருக்கு. நீ பாட்டுக்கு எடு."

ஐயர்கூடச் சிரித்துவிட்டார். அண்ணன் எடுத்த எழுபது படங்களில் கூர்மையாக விழுந்தவை ஒன்பது. அவற்றில் நான்கில் அம்மா இருக்கிறாள். இரண்டில் ஒரு கண்தான் திறந்திருக்கிறது.

அந்தத் தாள் இப்போதும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வலது பக்கத்தில் அடித்த வரியைத் திரும்ப எழுதவில்லை. அடித்திருந்தாலும் படிக்க முடிகிறது. இடது பக்கத்தில் மட்டும் புதிதாக ஒரு குறை சேர்ந்திருக்கிறது: லென்ஸுக்கு மூடி இல்லை, தூசி விழுகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறேன். பத்திரமாக வைத்திருப்பதாக அம்மா சொல்கிறாள். தருவதில்லை.