வயருக்கு வைத்த பொட்டு

குழல்வாய்மொழி என் சித்தப்பா மகள். ஐந்தருவியில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்றே தென்காசியில் வீடு கட்டினாள். நெட், டிவி, போன் எல்லாம் சேர்த்து ஐந்து இடத்துக்கு வயர் இழுக்கத்தான் அவளிடம் பணம் இருந்தது. புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினால் சாக்கட்டிக் குறி அழியுமென்று, அந்த ஐந்து இடத்திலும் எலக்ட்ரீசியனுக்கு அடையாளமாகக் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பொட்டு வைத்தாள்.

வீடு பார்க்க வந்த நாத்தனார்மார் மூவரும் ஏதோ பூசை என்று நினைத்து, கண்ட சுவரிலெல்லாம் தாங்களும் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் எலக்ட்ரீசியன் விஜய்பாண்டி, பொட்டு இருந்த இடமெல்லாம் சுவரை வெட்டி வயர்க் குழாயைப் பதித்துவிட்டான். மொத்தம் பதினேழு!

“ஏலே, குளியலறையில எவம்லே டிவி பாப்பான்?”

“பொட்டு வச்சது நீங்கதானேக்கா!”

பதினேழுக்கு வயர் வாங்கக் குழல் எங்கே போவாள்?

சேதி கேட்டு மூத்த நாத்தனார் உலகம்மாள் ஓடிவந்தாள். “வச்ச பொட்ட அழிக்கப்படாதுட்டி. நாங்க வச்சதுக்கு நாங்களே வயர் வாங்கித் தாரோம்.”

பால்காய்ப்பு அன்று மேளத்தோடு சீர் வந்தது. மூன்று தாம்பாளத்திலும் தேங்காய், பழம், பூ. நடுவில் மாலை போட்ட வயர்ச் சுருள். சீரோடு வந்த குளியலறை டிவியை உலகம்மாள்தான் குத்துவிளக்கேற்றித் திறந்துவைத்தாள்.