மூன்றாம் பாட்டில் வந்த அலறல்

எங்கள் ஊர் ராக் குழுவின் முதல் மேடையைப் பற்றிப் பேச, நரைத்த மீசைகள் ஏழெட்டு இன்றும் புந்தோங்கில் ஒரு ரொட்டி சானாய் கடையில் கூடுகின்றன. பேச்சு எங்கே தொடங்கினாலும் மூன்றாம் பாட்டில் வந்து நிற்கும்.

“அந்த மாதிரி அலறல் இன்னி வரைக்கும் எவனும் கொடுக்கல லா!”

“டிரம்ஸ்காரன் மைக்க உதைச்சானே மச்சான், அத விட்டுட்டியே!”

“அந்தப் பாடகன்தான் அப்புறம் எங்க போனான்னே தெரியல.”

நான் தே தாரேக் டீயை ஊதி ஊதிக் குடிப்பேன். அன்று அலறியவர் என் தாய்மாமன். அவர் அலறினால் என்ன செய்ய வேண்டும் என்று பொறுப்புக் கொடுக்கப்பட்டிருந்த ஒரே ஆள் நான். எனக்கு ஒன்பது வயது.

கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்தது. கோயில் என்பதால் பாடுகிறவர்களுக்கும் வெறுங்கால்தான். பூசைக்காகக் கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. ஒத்திகையிலேயே மைக் இரண்டு முறை மாமாவின் உதட்டைச் சுரீரென்று கடித்திருந்தது. வேறு மைக் கிடையாது. அதனால் என்னைப் பிளக் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“டேய், நான் கத்துனா உடனே புடுங்கிரு. சரியா?”

ஒரு ராக் பாடகர் கொடுக்கிற கட்டளையா அது! முதல் பாட்டிலேயே கத்தினார், பிடுங்கினேன். மண்டபமே ஊளையிட்டது. “அது பாட்டுடா!” என்று மாமா பல்லைக் கடித்தார். இரண்டாம் பாட்டில் அவர் கத்தியபோது என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

மூன்றாம் பாட்டில் அவர் கத்தி முடிக்கவே இல்லை. ஒரு கை மைக்கில், ஒரு கை கித்தாரில். இரண்டும் விடவில்லை. சனம் எழுந்து நின்று விசிலடித்தது. மாமாவின் கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. எனக்குப் புரிந்துவிட்டது.

புரிந்த பிறகு ஒரு வீரன் என்ன செய்வான்? பிளக் என் முழங்காலிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. நான் எழுந்து, வீட்டில் இருந்த அம்மாவைக் கூப்பிட வெளியே ஓடினேன். ஓடியவன் வாசலில் நின்றேன். என் நீலச் சிலிப்பரைக் காணோம். தொலைத்தால் அம்மா தோலை உரித்துவிடுவார். செருப்புக் குவியலைக் கிளறி, இடது காலுக்குரியதைக் கண்டுபிடித்து ஒழுங்காக மாட்டிக்கொண்டு, வலதைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே டிரம்ஸ்காரர் மைக் கம்பத்தை எட்டி உதைத்த சத்தம் அப்போதுதான் கேட்டது. கூடவே கைதட்டல்.

மாமா பிழைத்தார். இடது கை விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. கித்தார் வேறொருவர் கைக்குப் போனது. குழு பேர் வாங்கியது. மாமா ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாகக் காவல் காத்தே காலத்தை முடித்தார்.

அன்று ஆஸ்பத்திரியில் அம்மா அழுதுகொண்டே கேட்டார்: “பிளக்குகிட்ட ஒரு ஆள வச்சிருக்கக் கூடாதா தம்பி?”

“தோணலக்கா. யாரையும் வைக்கல,” என்றார் மாமா. கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

கரண்ட் அடித்ததில் மாமாவுக்கு ஞாபகம் போய்விட்டது என்று நினைத்தேன். கடவுளுக்கு நன்றி சொன்னேன். பிறகு கீழே கேன்டீனில் அடம்பிடித்து, ரோஸ் சீராப் இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்தேன்.