போலிஸும் போலீஸும்

கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறிய ஜீப்பில் அளவுக்கு மீறிய கூட்டம். என்னை நெருக்கி உட்கார்ந்திருந்தார் ஒரு வரலாற்று வாத்தியார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். பேசும்போது பக்கத்தில் இருப்பவர் மேல் விரலால் தெருக்கள் வரைவது அவர் வழக்கம் போலும். அன்று மாட்டியது என் முழங்கால்.

"பழைய கிரேக்க ஊரு இப்படித்தாங்க. தெருவெல்லாம் நேர்கோடு, நடுவுல சந்தைத் திடல், மேட்டுல கோயில்!"

எனக்கும் அந்த உற்சாகம் தொற்றிக்கொண்டது. வளைவில் ஒரு குன்று தெரிந்ததும், "அதோ! போலிஸ்!" என்று வாத்தியார் கத்தினார்.

டிரைவர் சட்டென்று வண்டியைப் புளியமரத்துக்குப் பின்னால் ஒடித்து நிறுத்தினார். கூரையிலும் பின்கம்பியிலும் தொங்கியவர்கள் குதித்து ஓடினார்கள்.

"எங்க சார் போலீஸு?"

"போலீஸ் இல்லப்பா, போலிஸ்! கிரேக்க பாஷையில ஊருன்னு அர்த்தம். அந்தக் குன்றுல கட்டினா எப்படி இருக்கும்!"

சிரித்தபடி எல்லோரும் மறுபடி தொற்றிக்கொண்டார்கள். அடுத்த வளைவில் வாத்தியார் தலை கூரையில் இடிக்க எழுந்தார். "போலீஸ்! போலீஸ்!"

"ஊருதானே சார், பாத்துக்கினே வாங்க" என்று டிரைவர் வேகத்தைக் கூட்டினார். ஜீப் நேரே காக்கிச் சட்டைகளின் நடுவில் போய் நின்றது.

எங்களை இறக்கி வரிசையில் நிற்கவைத்தார்கள். என் முதுகில் ஒரு விரல் ஊர்ந்தது.

"சந்தைத் திடல் சொன்னேன் இல்லீங்களா? அதுக்குப் பக்கத்துலதான் சபை கூடுற எடம்."

அவருக்கு வசதியாக முதுகை நிமிர்த்திக் கொடுத்தேன்.